கடி, கத்தல், கிழிந்த பேப்பர்: லவ்பேர்ட் தொல்லைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

முதலில் எந்தப் பறவை என்று தெளிவாகிவிடட்டும். பேச்சில் நாம் லவ்பேர்ட்ஸ் என்று சொல்வது பாதி நேரம் பட்ஜியைத்தான். நீண்ட வால், பிடரியில் வரிவரியாகக் கோடு, அலகுக்கு மேலே நீலமோ பழுப்போ இருந்தால் அது பட்ஜி, ஆஸ்திரேலியாக்காரன். அசல் லவ்பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. குட்டை வால், தடித்த அலகு, உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, 40 முதல் 60 கிராம் எடை. வளர்ப்பவர்கள் ‘ஆப்பிரிக்கன்’ என்று முன்னால் சேர்த்துச் சொல்வது இதைத்தான். மொத்தம் ஒன்பது இனங்கள் உண்டு. வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பீச் ஃபேஸ், ஃபிஷர், மாஸ்க்டு என்ற மூன்று. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் பின்னிரண்டில் ஒன்று; இல்லையென்றால் பீச் ஃபேஸ்.

கீழே உங்கள் தொல்லையைத் தேடி நேராக அங்கே போகலாம். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்: இந்தப் பறவையிடம் ஒற்றை அறிகுறிக்கு அர்த்தமே கிடையாது. உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நல்ல தூக்கமாகவும் இருக்கும், நாளைக்குச் சாகப்போகும் நோயாகவும் இருக்கும். கூடவே வேறென்ன தெரிகிறது, நேற்று இதே நேரத்தில் எப்படி இருந்தது என்ற இரண்டையும் சேர்த்தால்தான் கணக்கு தேறும்.

நேற்று எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமென்றால் நேற்றே பார்த்திருக்க வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எச்சமிட்ட பிறகு, தீனிக்கு முன்னால், வாரத்துக்கு இரண்டு தடவையாவது எடை பார்த்துக் குறித்து வையுங்கள். கூண்டின் அடியில் வெள்ளைப் பேப்பர் விரியுங்கள். மரத்தூளில் எச்சம் தெரியாது. பிற மிருகங்களுக்கு இரையாகும் பறவை நோயைக் காட்டிக்கொள்ளாது, காட்டினால் வேட்டையாடும் மிருகம் முதலில் அதைத்தான் பிடிக்கும். அது வாய்விட்டு ஒப்புக்கொள்வதற்குப் பல நாள் முன்பே தராசு சொல்லிவிடும். 50 கிராம் பறவை 45 ஆகிவிட்டால், எவ்வளவு குதித்து விளையாடினாலும் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது

மணியைப் பாருங்கள், பிறகு காலைப் பாருங்கள். மதியமோ இரவோ, ஒரு காலை வயிற்றுக்குள் மடக்கி, தலையை முதுகுப் பக்கம் திருப்பி, கூப்பிட்டால் கண் திறந்து உடம்பைச் சுருக்கிக்கொள்கிறதா? தூங்குகிறது, தொந்தரவு செய்யாதீர்கள். குளித்த பிறகும் குளிரிலும் இப்படித்தான் இருக்கும். ஒரே ஒரு தடவை உப்பி, உடம்பை உதறி, உடனே சரியாவது சோம்பல் முறிப்பது மாதிரி. ஒரு வேலையை முடித்து அடுத்ததற்குப் போகும்போது அப்படிச் செய்யும்.

பகல் முழுக்க உப்பியபடி, இரண்டு காலையும் ஊன்றி, கண் பாதி மூடி, கூப்பிட்டாலும் சுருங்காமல் இருந்தால் அது நோய். குச்சியை விட்டுக் கூண்டின் தரையில் போய் உட்கார்ந்தால் இன்னும் மோசம். இதில் காத்திருந்து பார்ப்பது என்ற பேச்சே வேண்டாம். கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கும் சூட்டுப் பெட்டியை ஏற்பாடு செய்துவிட்டு மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

மூச்சு விடும்போது வால் ஆடுகிறது

பறந்து வந்து உட்கார்ந்த இரண்டு நிமிடத்துக்கு ஆடலாம். வெயிலில் இருந்தால் அலகைத் திறந்து, சிறகைத் தோளிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு இளைக்கும். நிழலுக்கு மாற்றித் தண்ணீர் வைத்தால் சரியாகும். சும்மா இருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கினால், அல்லது மூச்சோடு ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால், அன்றைக்கே மருத்துவர்.

நன்றாக இருந்த பறவை திடீரென்று மூச்சுத் திணறினால் சமையலறைக்கு ஓடுங்கள். அடுப்பில் நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்துகொண்டிருக்கிறதா? டெஃப்லான் பூச்சு அளவு மீறிச் சூடானால் வரும் புகை நமக்கு வாசனையாகக்கூடத் தெரியாது, பறவையின் நுரையீரலைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். பறவையை முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுபோங்கள். பறவை உள்ள வீட்டில் அந்தப் பாத்திரமே வேண்டாம் என்பது என் கட்சி.

கடிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். ‘என் பறவை கெட்ட குணம்’ என்று முடிவு கட்டுவதற்கு முன் மூன்று நாளைக்கு ஒரு காரியம் செய்யுங்கள்: எங்கே கடித்தது, அதற்கு முந்தைய ஐந்து விநாடியில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். மூன்றாம் நாள் பெரும்பாலும் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப எழுதியிருப்பீர்கள்.

கூண்டுக்குள் கை விட்டால் மட்டும் கடிக்கிறது, வெளியே வந்தால் தங்கமாக இருக்கிறது என்றால் அது எல்லைத் தகராறு. குறிப்பாகப் பெண் பறவைக்குக் கூண்டு என்பது சொந்த வீடு. நீங்கள் விடுவது கை இல்லை, வீட்டுக்குள் நுழையும் திருடன். கதவைத் திறந்துவிட்டு அதுவாக வாசலுக்கு வரும்வரை காத்திருங்கள், விரலில் ஏறிய பிறகு வெளியே எடுங்கள். தீனிக் கிண்ணம் மாற்றுவது, கூண்டு துடைப்பது எல்லாம் பறவை வெளியே இருக்கும்போது. இதைச் செய்தால் பாதி வீட்டில் கடி நின்றுவிடும்.

தோளில் இருக்கும்போது வேறு ஒருவர் அருகில் வந்தால் உங்கள் காதைக் கடிக்கிறதா? உங்களைத் துணையாக வரித்துவிட்டது. வருகிற ஆளைத் துரத்த முடியவில்லை, அந்தக் கோபம் உங்கள் மேல் இறங்குகிறது. இந்தப் பழக்கம் போகும்வரை தோள் கிடையாது, கைதான். மற்றவர்களே அதற்குப் பிடித்த தினைக் கதிரைக் கொடுக்கட்டும்.

மச்சம், நகம், பொத்தான், மோதிரம் என்று தேடித்தேடிக் கடிப்பது கோபமே இல்லை. லவ்பேர்டுக்கு அலகுதான் கை. கழற்ற முடிகிறதா என்று பார்க்கிறது. கடிக்க வேறொன்றைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

குஞ்சாக இருந்தபோது சாது, இப்போது சில மாதம் ஆனதும் சண்டைக்கோழி என்றால், பருவம் வருகிறது. நமக்குப் பதினான்கு வயது மாதிரி. பொறுமையாக அதே பழக்கங்களைத் தொடர்ந்தால் தணியும்; பயந்து கையை விலக்கிக்கொண்டே இருந்தால், மிரட்டினால் கை போய்விடும் என்று கற்றுக்கொண்டுவிடும்.

கடைசி வகை: ஆண்டுக்கணக்கில் கடிக்காத பறவை திடீரென்று கடிக்கிறது, தொட்டால் விலகுகிறது. இது குணம் மாறியதல்ல, எங்கோ வலிக்கிறது. எடை பாருங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

கடிப்பதற்கு முன் பறவை எச்சரிக்கும். பெரிய கிளிகள் கண்மணியைச் சுருக்கி விரிப்பதை வைத்துக் கோபத்தைப் படிக்கலாம் என்பார்கள். லவ்பேர்டின் கண் கருத்தது, அதெல்லாம் தெரியாது. உடம்பைத்தான் பார்க்க வேண்டும். இறகுகள் உடம்போடு ஒட்டி ஒல்லியாகும், தலை தாழ்ந்து முன்னால் நீளும், அலகு லேசாகத் திறக்கும். அந்த நொடியில் கையை அப்படியே நிறுத்துங்கள். அது தளர்ந்ததும் மெதுவாக எடுத்துவிடுங்கள். எச்சரிக்கைக்கு மரியாதை கிடைத்தால் கடிக்கும் அவசியம் அதற்கு இல்லை.

கடித்தே விட்டால்? கத்தாதீர்கள்; உங்கள் அலறல் அதற்கு வேடிக்கை. அலகில் சுண்டாதீர்கள், கையை உதறாதீர்கள். கூண்டில் போட்டு அடைப்பதும் வேண்டாம், கூண்டுக்குப் போக விரும்பிய பறவைக்கு அது பரிசு. பேச்சில்லாமல் பக்கத்து நாற்காலியில் இறக்கிவிட்டுப் பத்து விநாடி முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் தண்டனை.

பேப்பரைக் கிழித்து முதுகில் செருகிக்கொள்கிறது

பயப்பட ஒன்றுமில்லை, ரசிக்க நிறைய இருக்கிறது. பேப்பர் ஓரத்தை வரிசையாகக் கடித்து ஓட்டை போட்டு, கத்தரித்தது போல நீளநீளத் துண்டாக எடுத்து, வாலுக்கு மேலுள்ள இறகுகளுக்குள் செருகினால் உங்களிடம் இருப்பது அநேகமாகப் பெண் பீச் ஃபேஸ். கூடு கட்டப் பொருள் சேர்க்கிறது. ஃபிஷரும் மாஸ்க்டும் இப்படிச் செருகாது, அலகில் கவ்வித்தான் கொண்டுபோகும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்கர் பீச் ஃபேஸையும் ஃபிஷரையும் கலந்து குஞ்சு எடுத்துப் பார்த்து, 1962இல் அதைப் பற்றி எழுதினார். அந்தக் கலப்புப் பறவைகளின் பாடு பரிதாபம். துண்டை முதுகில் செருகப் போகும், சரியாகச் செருகாது. செருகினாலும் அலகிலிருந்து விடாது. விட்டால் கீழே விழும். அலகில் தூக்கிப் போனால் வேலை முடிகிறது என்று பழகிக்கொள்ளச் சில வருடங்கள் பிடித்தன. அதன் பிறகும் தலையைப் பின்னால் திருப்பிச் செருகுவது போன்ற பாவனை போகவில்லை. உங்கள் பறவை உங்கள் புத்தகத்தைக் கிழிப்பது குறும்பல்ல, பிறவிப் பழக்கம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எனவே நிறுத்த முயலாதீர்கள், பொருளை மாற்றுங்கள். மை இல்லாத வெள்ளைப் பேப்பர், மருந்தடிக்காத மரக்குச்சி கொடுங்கள். ஆனால் கிழிப்பதோடு மூலை தேடுவது, அலமாரி இடுக்கில் நுழைவது, அங்கே கை வைத்தால் சீறுவது எல்லாம் சேர்ந்தால் அடுத்தது முட்டை. அப்போது பேப்பரையும் சில வாரம் நிறுத்திவிடுங்கள்.

துணையே இல்லை, முட்டையிட்டுவிட்டது

கோழி சேவல் இல்லாமல் முட்டையிடுவது மாதிரிதான். ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கு முதல் ஆறு வரை இடும். குஞ்சு வராது என்று தெரிந்ததும் முட்டையை எடுத்துப் போட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. எண்ணிக்கை குறைந்தால் அது ஈடுகட்டிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஓட்டுக்கும் அதன் எலும்பிலிருந்தும் சுண்ணாம்பு போகிறது. அடைகாக்க விடுங்கள். பொரிக்கும் காலம் ஏறத்தாழ 23 நாள்; அது கடந்து அதுவே அலுத்து விலகியதும் எடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீனின் ஓடு ஒன்றை எப்போதும் கூண்டில் மாட்டி வையுங்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில், அந்தச் சுண்ணாம்பு உடம்பில் சேரத் தேவையான புற ஊதாக் கதிர் வராது, பாதுகாப்பாகக் கூண்டோடு வெளியில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும்.

அடுத்த தடவை வராமல் இருக்க, இருட்டைக் கூட்டுங்கள்: இரவு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் அமைதியான தூக்கம். பெட்டி, பானை, துணிக்குடில், கண்ணாடி எல்லாவற்றையும் கூண்டிலிருந்து எடுங்கள். தலையையும் கழுத்தையும் மட்டும் வருடுங்கள். முதுகையும் சிறகடியையும் வருடுவது நமக்குச் செல்லம், அதற்கு ஜோடி சேரும் அழைப்பு. பின்பக்கத்தைத் தூக்கிச் சிறகை விரித்துக் காட்டினால் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. பறவை தரையில் உட்கார்ந்து, உப்பி, முக்குகிறது, வால் ஆடுகிறது, கால் தள்ளாடுகிறது, முட்டை மட்டும் வரவில்லை. முட்டை சிக்கிக்கொண்டது. சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். எண்ணெய் தடவுவது, வயிற்றை அமுக்குவது வேண்டவே வேண்டாம், உள்ளே உடைந்தால் தீர்ந்தது. சூடாக வைத்துக்கொண்டு நேராக மருத்துவரிடம்.

கக்குகிறது

தலையை மேலும் கீழும் ஆட்டி, உங்கள் விரலுக்கோ பொம்மைக்கோ முன்னால் நிதானமாக இரையைக் கொண்டுவந்து வைத்தால் அது காதல் விருந்து. ஜோடிப் பறவை ஒன்றுக்கொன்று ஊட்டுவது அப்படித்தான். முகம் சுளிக்காமல் கையை எடுத்துவிட்டு வேறு விளையாட்டுக்குத் திருப்புங்கள். பொம்மைக்கு ஊட்டினால் பொம்மையை எடுத்துவிடுங்கள்.

தலையை வேகமாக உதறி, கூண்டுக் கம்பியெல்லாம் தெறித்து, தலை இறகு பிசுபிசுத்து ஒட்டியிருந்தால் வாந்தி. தொற்றாகவும் இருக்கலாம், துத்தநாகமோ ஈயமோ உள்ள கம்பியையோ பொருளையோ கடித்ததாகவும் இருக்கலாம். வீட்டு மருந்து கிடையாது.

ஓயாமல் கத்துகிறது

விடிந்ததும் பொழுது சாயும்போதும் கத்துவது கூட்டத்தைக் கூப்பிடும் கணக்கெடுப்பு. அதைத் தடுக்க முடியாது. தடுக்க முடியும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். நீங்கள் அறையை விட்டுப் போனதும் தொடங்கும் கத்தல் வேறு: ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்கிறது. பக்கத்து அறையிலிருந்து ஒரு விசில் திருப்பிக் கொடுங்கள், போதும். ஓடி வந்தால் கத்தினால் ஆள் வருவார் என்று பதிந்துவிடும். கீச்சென்று மெல்லக் கூப்பிடும்போது வாருங்கள், அலறும்போது வராதீர்கள். முதல் வாரம் கத்தல் கூடும். அதில் மனம் இளகி ஒரு தடவை ஓடினால் மறுபடி முதலிலிருந்து.

இறகு கொட்டுகிறது, மொட்டையாகிறது

வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை இறகு உதிர்ப்பது வழக்கம். அப்போது தோல் தெரியாது; தலையில் முள் முளைத்தது போல் புது இறகுக் குருத்துகள் நிற்கும், பறவை சிடுசிடுக்கும், குளிக்க ஆசைப்படும். அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள்.

தோல் தெரிந்தால் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். மார்பும் தொடையும் மொட்டை, தலை மட்டும் முழுசாக இருக்கிறது என்றால் தானே பிடுங்குகிறது. தன் தலையைத் தன் அலகால் எட்ட முடியாதல்லவா. தலை மொட்டை என்றால் கூட இருக்கும் பறவை பிடுங்குகிறது, அல்லது நோய். தனியாக இருக்கும் பறவைக்குத் தலையிலும் கொட்டினால், முளைக்கும் இறகு கோணலாகவோ நுனி சூம்பியோ வந்தால், அலகு-இறகு நோய் எனப்படும் வைரஸுக்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். மற்றப் பறவைகளுக்குத் தொற்றும்.

தானே பிடுங்குவதற்கு ‘போரடிக்கிறது’ என்று உடனே தீர்ப்பெழுதுவது வழக்கமாகிவிட்டது. முதலில் உடம்புக் காரணங்களைத் தள்ளுங்கள். வெறும் விதை மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து தோல் கெடும். இரவில் கூண்டின் மேல் வெள்ளைத் துணி போட்டுக் காலையில் அடிப்பக்கத்தைப் பாருங்கள், நகரும் சிவப்புப் புள்ளி இருந்தால் செள்ளுப்பூச்சி. அது இல்லாமலே பூச்சி ஸ்ப்ரே அடிப்பது நோயைவிடக் கெடுதல். இவையெல்லாம் இல்லையென்றான பிறகுதான் தனிமையும் சலிப்பும்.

எச்சம் மாறியிருக்கிறது

எச்சத்தில் மூன்று பாகம்: பச்சையோ பழுப்போ ஆன மலம், சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பாகம், தெளிந்த நீர். பழம் தின்றால் நீர் கூடும், நிறமுள்ள காய் தின்றால் மலத்தில் அந்த நிறம். அடைகாக்கும் பெண் அடக்கிவைத்து ஒரேயடியாகப் பெரிதாகப் போடும், நாறும், அதுவும் சரிதான். வெள்ளைப் பாகம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டும். தார் மாதிரிக் கருப்பு என்றால் உள்ளே இரத்தம். கரும்பச்சையோ எலுமிச்சைப் பச்சையோ, கூடவே கண்ணில் மூக்கில் ஒழுகல், சோர்வு என்றால் கிளிக்காய்ச்சலாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தைப் பெருக்காமல் நனைத்துத் துடையுங்கள்.

ராத்திரியில் கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொள்கிறது

இருட்டில் ஏதோ நிழலோ சத்தமோ கண்டு மிரண்டுவிட்டது. விளக்கைப் போட்டு, தாழ்ந்த குரலில் பேசி, குச்சியைக் கண்டுபிடித்து உட்காரும்வரை இருங்கள். சிறகில் இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் குருத்து உடைந்தால் நிறைய வடியும், சோளமாவு வைத்து மெல்ல அழுத்துங்கள், நிற்காவிட்டால் மருத்துவர். அடிக்கடி நடந்தால் மங்கலான ஒரு இரவு விளக்கு போதும்.

ஜோடியாக வாங்கினேன், அடித்துக்கொள்கின்றன

பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் பட்டியலில் நீங்களும் ஒருவர். இந்த மூன்று இனத்திலும் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், டி.என்.ஏ. பரிசோதனைதான் வழி. ‘ஜோடி’ என்று வந்தவை இரண்டும் பெண்ணாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் கதி. அலகில் அலகு வைத்துத் தள்ளிக்கொள்வது பரவாயில்லை. கால் விரலைக் கடித்து இரத்தம் வந்தால் அன்றே தனிக் கூண்டு. சமாதானம் பேசிப் பார்ப்போம் என்று விட்டால் விரல் போகும். பட்ஜி, குருவி போன்ற சிறு பறவைகளோடு ஒரே கூண்டில் விடவே கூடாது. புதிதாக வரும் பறவையைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வைத்துப் பாருங்கள்.

பயப்பட வேண்டாதவை

தூங்கப் போகுமுன் அலகை நறநறவென்று அரைப்பது நிம்மதி. தின்றபின் அலகைக் குச்சியில் இருபுறமும் தேய்ப்பது வாய் துடைப்பது. தின்றதும் இரண்டு கொட்டாவி, கழுத்தை நெளிப்பது: இரைப்பையில் இரையை ஒழுங்கு பண்ணுகிறது. நாளைக்கு இரண்டு மூன்று உலர்ந்த தும்மல். ஒரு பக்கச் சிறகையும் அதே பக்கக் காலையும் நீட்டுவது. தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்கிக் குளித்து எல்லாவற்றையும் நனைப்பது.

மருத்துவரிடம் போகும்வரை

சின்னப் பெட்டி, காற்றுத் துளை, அடியில் துணி. பெட்டியின் ஒரு பாதியை மட்டும் வெந்நீர்ப் பையால் சூடாக்குங்கள். உள்ளே 29, 30 டிகிரி செல்சியஸ் போதும், சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர அதற்கு இடம் வேண்டும். அரையிருட்டு, சத்தமின்மை. தண்ணீரும் தினையும் எட்டும் தூரத்தில். வாயைத் திறந்து எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். நாய் பூனை மட்டும் பார்க்கும் மருத்துவரைவிடப் பறவை பார்த்துப் பழகியவரை நோய் வருமுன்பே தேடி எண்ணைக் குறித்து வைத்திருப்பது நல்லது. கிளம்பும்போது எடைக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கூண்டின் அடியில் விரித்திருந்த பேப்பரைக் கசக்கி எறியாமல், இன்றைய எச்சத்தோடு அப்படியே மடித்துக் கொண்டுபோங்கள்.